நிமிர்ந்து நில்லு என்று சொன்னவர்களுக்கு

எனக்கு அப்போது 12 வயது. புதுப் பாவாடையின் ஓரத்தை மடிக்க அம்மா தரையில் உட்கார்ந்து குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். வலது பக்கம் சரியாக வந்தால் இடது பக்கம் தழைந்தது. இடதை ஏற்றினால் வலது தூக்கிக்கொண்டு நின்றது. மூன்று தடவை பிரித்துப் பிரித்துக் குத்திய பிறகு கோணல் துணியில் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உடனே வாயில் வந்தது, "ஒழுங்கா நிமிர்ந்து நில்லேன்டி!"

நின்றேன். அடுத்த ஒன்றரை வருடம் அப்படித்தான் நின்றேன், தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகில் முட்டிக்கொள்ளும்படி பின்னால் இழுத்து, நெஞ்சைத் தூக்கி, வயிற்றை எக்கி. வீட்டுக்கு வருகிறவர்கள், வகுப்பு டீச்சர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பாட்டி வரை எல்லாருக்கும் என் முதுகைப் பற்றி ஒரே ஒரு யோசனைதான் இருந்தது: கூன் போடாதே. அவர்கள் மேல் கோபமெல்லாம் இல்லை, நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் எனக்கு இருந்தது ஸ்கோலியோசிஸ், முதுகெலும்பு வளைந்துபோகிற கோளாறு. அந்த யோசனை என் முதுகுக்குத் தேவையானதற்கு நேர்மாறானது. அது ஏன் என்று எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்கோலியோசிஸ் என்றாலே எல்லாரும் பின்னாலிருந்துதான் பார்க்கிறார்கள். நேராக இருக்க வேண்டிய முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துவிட்டது, அவ்வளவுதான் என்று. எனக்கும் முதல் எக்ஸ்ரே அப்படித்தான் எடுத்தார்கள். டாக்டர் அதை விளக்குப் பெட்டியில் மாட்டி, வளைவின் மேல்முனையில் அதிகம் சாய்ந்திருந்த எலும்புக்கு ஒரு கோடு, கீழ்முனையில் சாய்ந்திருந்ததற்கு ஒரு கோடு என்று பென்சிலால் போட்டு, இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணத்தை அளந்தார். 27 டிகிரி. ஜான் காப் என்ற அமெரிக்க டாக்டர் 1948-ல் எழுதிவைத்த முறை அது, இன்றைக்கும் எல்லாரும் அந்தக் கோணத்தைத்தான் பேசுகிறார்கள். 10 டிகிரியைத் தொட்டால் ஸ்கோலியோசிஸ். 25-ஐத் தாண்டி, பிள்ளை இன்னும் வளர்கிறது என்றால் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டுகிற பிளாஸ்டிக் கூடு. 45, 50 என்று போனால் ஆபரேஷன் பேச்சு. தேவையான எண்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒற்றைப் படத்தைப் பார்த்து பக்கவாட்டிலிருந்து பார்த்தால் என் முதுகு எப்படி இருக்கும் என்று சொல்லவே முடியாது, அதை யாரும் கேட்கவும் இல்லை.

பக்கத்திலிருந்து பார்த்தால் முதுகெலும்பு நேராக இருக்கக் கூடாது. கழுத்தில் உள்வாங்கும், நெஞ்சுப்பகுதியில் பின்னால் புடைக்கும், இடுப்புக்கு மேலே திரும்பவும் உள்வாங்கும், அதற்கும் கீழே ஒன்றோடொன்று ஒட்டிப்போன எலும்புகள் மறுபடி பின்னால் போகும். பிறக்கும்போது முழு முதுகும் ஒரே வளைவுதான், அம்மா வயிற்றுக்குள் சுருண்டு கிடந்த அதே வளைவு. குழந்தை குப்புற விழுந்து தலையைத் தூக்கத் தூக்கக் கழுத்து வளைவு உருவாகிறது. எழுந்து நின்று நடக்கும்போது இடுப்பு வளைவு வருகிறது. நெஞ்சுப்பகுதியின் புடைப்பு கூடவே பிறந்தது. நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் அது பெரும்பாலானவர்களுக்கு 20 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும். ஒன்றரை வருடமாக நான் பாடுபட்டு அழிக்கப் பார்த்தது இதைத்தான்.

கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். முதலில் முன்னால் குனியச் சொன்னார். வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1865-ல் சொன்ன சோதனை அது. கால்களைச் சேர்த்து, உள்ளங்கைகளைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல் குனிந்தால் விலா எலும்புகளின் மேடு ஒரு பக்கம் தூக்கித் தெரியும். எனக்கு வலது பக்கம் எழுந்தது. அதுவரைக்கும் எல்லாரும் செய்ததுதான். அப்புறம் என்னை நிமிரச் சொல்லி, பக்கவாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு அடி ஸ்கேலை எடுத்து என் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே நெடுக்காக வைத்தார். ஸ்கேல் அப்படியே ஒட்டிக்கொண்டது. மேலே கீழே எங்கேயும் இடைவெளி இல்லை. "இந்த இடத்துல ஸ்கேல் ஆடணும்மா. உனக்குப் பலகை மாதிரி இருக்கு. யார் உன்னை இப்படி விறைச்சு நிக்கச் சொன்னது?" என்று கேட்டார். அம்மா சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிசியோதெரபிஸ்ட் விளக்கியதைப் புரிந்துகொள்ள எனக்கு அம்மாவின் தையல்தான் உதவியது. நீளம் கூடின துணியையும் குறைந்த துணியையும் ஒன்றாக வைத்துத் தைத்தால் என்ன ஆகும்? மிச்சத் துணிக்குப் போக இடமில்லாமல் ஓரம் நெளிந்து முறுக்கிக்கொள்ளும். வளரும் வயதில் வருகிற, இன்னதுதான் காரணம் என்று சொல்ல முடியாத ஸ்கோலியோசிஸில், நெஞ்சுப்பகுதி முதுகெலும்பின் முன்புறம் பின்புறத்தைவிட நீண்டுவிடுவதைப் பார்க்கலாம். முன்புறம் நீளும்போது பின்னால் இருக்க வேண்டிய புடைப்பு தட்டையாகிறது. அதற்கு மேலும் மிஞ்சுகிற நீளம் ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு ஒதுங்குகிறது. பக்கவளைவு, திருகல், தட்டை, மூன்றும் ஒரே சங்கதி. முன்புறம் நீள்வது காரணமா விளைவா என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. புத்தகப் பை கனத்ததால் வந்தது, கோணலாக உட்கார்ந்ததால் வந்தது என்கிற பேச்செல்லாம் அந்தச் சண்டையிலேயே கிடையாது, அதனால் குற்ற உணர்ச்சியில் தூக்கம் கெட்டுக் கிடக்கிற பெற்றோர்கள் கொஞ்சம் மூச்சு விடலாம்.

சரி, ஏற்கெனவே தட்டையாகிப்போன முதுகிடம் போய் நெஞ்சை நிமிர்த்து என்றால் அது என்ன செய்யும்? இன்னும் தட்டையாகும். நான் நல்ல பிள்ளையாகத் தினமும் செய்துகொண்டிருந்த உடற்பயிற்சிகளும் அதே ரகம்தான். குப்புறப் படுத்துக் கையையும் காலையும் படகு மாதிரி தூக்குவது, பின்னால் வில்லாக வளைவது. மற்றவர்களுக்கு அவை நல்ல பயிற்சிகளாக இருக்கலாம். எனக்கு அன்றோடு நின்றது.

அதற்குப் பதில் வந்தது மூச்சு. கேட்க வேடிக்கையாக இருக்கும். கதரீனா ஷ்ரோத் என்ற ஜெர்மானியப் பெண்ணின் வழி அது. அவருக்கே ஸ்கோலியோசிஸ் இருந்தது. பலூனில் குழிந்த இடத்தைக் காற்று உள்ளிருந்து தள்ளி மேடாக்குகிற மாதிரி, குழிந்த விலாப் பக்கத்துக்கு மூச்சை அனுப்பினால் என்ன என்று கண்ணாடி முன்னால் நின்று தன் மேலேயே சோதித்துப் பார்த்தவர், 1921-ல் மைசன் நகரில் சிகிச்சை நிலையமே தொடங்கிவிட்டார். என் பிசியோதெரபிஸ்ட் என்னைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, இடுப்பை நேராக்கி, இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே குழிந்திருந்த இடத்தில் இரண்டு விரலை வைத்து, "மூச்சை இங்க அனுப்பு" என்பார். விரல் ஒரு இடத்தில் இருக்கும், மூச்சு வேறெங்கோ போகும். தோள் தூக்கும், வயிறு உப்பும், அந்த இடம் மட்டும் செத்த மாதிரி கிடக்கும். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் அவருடைய விரலை என் விலா எலும்பு லேசாகப் பின்னால் தள்ளியது. ஒரு நூல் அளவுதான் இருக்கும். முதுகில் அப்படி ஒரு இடம் எனக்குச் சொந்தமாக இருக்கிறது என்றே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்தப் பயிற்சி எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்திலிருந்து பார்க்கும்போது சிலருக்குப் புடைப்பு குறையாமல் இருக்கும், சிலருக்குக் கூடியே இருக்கும், சிலருக்குச் சிக்கல் இடுப்பு வளைவில் இருக்கும். ஒருத்தருக்குக் கொடுத்ததை வீடியோவில் பார்த்து இன்னொருவர் செய்தால் நான் ஒன்றரை வருடம் செய்த தப்பைத்தான் செய்வார். அதேபோல நெஞ்சுப்பகுதி வளைவு இடது பக்கம் போனாலோ, ராத்திரி வலியில் விழித்தாலோ, கோணம் கிடுகிடுவென ஏறினாலோ, அது வேறு கதையாக இருக்கலாம், டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார், எடுத்துவிடுங்கள்.

பிரேஸுக்கு வருகிறேன். 13 வயதில் கோணம் 33 ஆனபோது பயிற்சி மட்டும் போதாது என்றார்கள். முதலில் செய்துகொடுத்த பிரேஸ் என் வலது விலா மேட்டைப் பின்னாலிருந்து நேரே முன்னால் அழுத்தியது. மேட்டை அமுக்கினால் சரியாகிவிடும் என்று யாருக்கும் தோன்றும், ஆனால் பின்னாலிருந்து முன்னால் தள்ளுவது என்றால் தட்டை முதுகை மேலும் தட்டையாக்குவதுதான். அதற்கடுத்து வந்ததில் அழுத்தம் பக்கவாட்டிலிருந்து திருகலுக்கு எதிராக வந்தது, இடது பின்பக்கம் வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தார்கள், நான் மூச்சால் நிரப்ப. இரண்டும் வெளியே பார்க்க ஒரே வெள்ளை பிளாஸ்டிக். உள்ளே அழுத்துகிற மெத்தை எங்கே இருக்கிறது, அதற்கு எதிர்ப்பக்கம் முதுகு போக இடம் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள், அதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன்.

போட்டால் மட்டும் போதாது, எவ்வளவு நேரம் போடுகிறோம் என்பதுதான் கணக்கு. 2013-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளர்ச்சி முடியும்வரை கோணம் 50-ஐத் தொடவில்லை, சும்மா கவனித்து வந்தவர்களில் அது 48 சதவீதம். பிரேஸுக்குள் வெப்பத்தை அளக்கும் சின்னக் கருவி வைத்து நேரத்தைக் கணக்கெடுத்தார்கள், நாளுக்குச் சராசரி 12.9 மணி நேரத்துக்கு மேல் போட்ட பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பித்தார்கள். எனக்கு அப்போது அப்படி ஒரு கருவி இல்லாதது என் அதிர்ஷ்டம், அலமாரிக்குள் அது எத்தனை மணி நேரம் படுத்திருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ஆபரேஷன் செய்கிறவர்கள்கூட இந்தப் பாடத்தை அடிபட்டுத்தான் கற்றார்கள். பால் ஹாரிங்டன் 1962-ல் எழுதிய உலோகத் தண்டு முறை அந்தக் காலத்தில் பெரிய சாதனை. பின்னாலிருந்து பார்க்க முதுகு நேராகிவிடும். ஆனால் நேரான தண்டைக் கீழ்முதுகு வரை இறக்கினதில் அங்கிருந்த இயல்பான உள்வளைவு போய்விட்டது. பல வருடம் கழித்துச் சிலரால் முழங்காலை மடக்காமல் நிமிர்ந்து நிற்கவே முடியவில்லை, உடம்பு முன்னால் சாய்ந்துகொண்டே போனது. இப்போது தண்டுகளை வளைத்துத்தான் வைக்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இயல்பான வளைவு முக்கியம் என்பதையே கடையாக விரித்து உட்கார்ந்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். கழுத்து வளைவைத் திருப்பிக் கொண்டுவந்தால் ஸ்கோலியோசிஸ் தானாக ஓடிவிடும், ஆபரேஷனே தேவையில்லை, இத்தனை தடவை வாருங்கள் என்று பேக்கேஜ் போட்டுக் கொடுப்பார்கள். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று இரண்டு எக்ஸ்ரே காட்டுவார்கள். ஒரே எக்ஸ்ரேயை இரண்டு பேர் அளந்தாலே 5 டிகிரி முன்னே பின்னே வரும், நிற்கிற விதம் மாறினால் அதுவும் சேரும். 28 ஆக இருந்தது 24 ஆகிவிட்டது என்றால் எனக்குக் கைதட்டத் தோன்றுவதில்லை. பக்கத்திலிருந்து பார்ப்பது எந்தப் பயிற்சி, எந்த பிரேஸ் என்று தேர்ந்தெடுக்க, இருப்பதைக் கெடுக்காமல் இருக்க. அதையே வளைவைப் போக்கும் மருந்து மாதிரி பேசுகிறவரிடம் நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

என் கணக்கு இதுதான்: பிரேஸைக் கழற்றிய 16 வயதில் 31 டிகிரி, போன வருடம் 34. அளவுப் பிழைக்குள் அடங்குகிற வித்தியாசம் என்று டாக்டர் சொன்னார். வளைவு போகவில்லை, போகும் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவும் இல்லை. பாவாடை ஓரம் இன்றைக்கும் ஒரு பக்கம் தழையத்தான் செய்கிறது, அதைப் பார்த்துத்தான் மடிக்கிறேன். முதுகில் ஸ்கேல் வைத்தால் கொஞ்சமாக ஆடுகிறது.

போன வாரம் வீடியோ காலில் அம்மா, "ஏன்டி இப்படிக் கூன் போட்டு உக்காந்திருக்க?" என்றார். "இது கஷ்டப்பட்டுச் சம்பாதிச்ச கூன்மா" என்றேன். "அதெல்லாம் சரி, நிமிர்ந்து உக்காரு" என்றார்.