அறுபடை வீடும் ஒரு மஞ்சப்பையும்

"வீட்டைக் காலி பண்றீங்களாக்கா?" என்று கேட்டார் வேன் டிரைவர். எங்கள் மூட்டைகளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஒன்பது பேர், நாலு நாள், முருகனின் ஆறு படைவீடு. சென்னையிலிருந்து கிளம்பித் திரும்பினால் ஏறக்குறைய 1,500 கி.மீ.

எந்த ஊர் முதலில் என்பதிலேயே ஒரு வாரம் போனது. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் பாடிய வரிசையில்தான் போகவேண்டும் என்று மாமனார் பிடிவாதமாக இருந்தார். திருப்பரங்குன்றம், திருச்செந்தூர், பழனி என்று தெற்கே சுற்றி, சுவாமிமலை வந்து, திருத்தணிக்கு ஏறி, கடைசியில் மறுபடி மதுரைப் பக்கம் பழமுதிர்சோலை. "நக்கீரருக்கு டீசல் செலவு இல்லைப்பா" என்றார் என் கணவர். மாமா இரண்டு நாள் பேசவில்லை. கடைசியில் அத்தைதான் தீர்த்து வைத்தார். "திருச்செந்தூர்ல கடல்ல குளிக்கணும். அது கடைசியா இருக்கட்டும். ஈரத்துணியை நாலு நாள் யார் சுமக்கறது?"

அதன்படி வடக்கிலிருந்து தெற்கே இறங்குவது என்று முடிவானது. கூட்டத்துக்குப் பயந்து கிருத்திகை, சஷ்டி, செவ்வாய்க்கிழமை மூன்றையும் தவிர்த்துத்தான் நாள் குறித்தோம். நடை நேரமும் பார்க்கவேண்டும். சுவாமிமலையிலும் திருப்பரங்குன்றத்திலும் மதியம் சாத்திவிடுவார்கள். பழனியில் பகல் முழுக்கத் திறந்திருக்கும், வழியில் தாமதமானாலும் பாதகமில்லை. பழமுதிர்சோலை காட்டு மலைமேல் இருப்பதால் இருட்டுவதற்கு முன் இறங்கிவிட வேண்டும்.

முதல் நாளுக்கு மட்டும் கட்டுச்சோறு: மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளியோதரை. மற்ற நாளெல்லாம் வழியில் கிடைப்பது. இந்த ஒரு விஷயத்தில் நான் சரியாக இருந்தேன். மற்றபடி நான் எடுத்துவைத்ததில் பாதி வேனை விட்டு இறங்கவே இல்லை. இஸ்திரி போட்ட பட்டுப்புடவை உள்பட.

திருத்தணியில் 365 படி. வண்டி மேலேயே போகும் என்பதால் அத்தைக்குக் கஷ்டமில்லை. சாயங்காலம் சுவாமிமலையில்தான் சோதனை. அங்கே 60 படி, பிரபவ முதல் அட்சய வரை தமிழ் வருடங்களின் கணக்கு. முழங்கால் வலியோடு அத்தை ஒவ்வொரு வருடமாகச் சொல்லிக்கொண்டே ஏறினார். 27-ஆவது படியில் நின்றுவிட்டார். "விஜய. நான் பொறந்த வருஷம்." குனிந்து படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அங்கேயே ஓரமாக உட்கார்ந்தார். மேலே முருகன் காத்திருக்க, நாங்களும் காத்திருந்தோம். தகப்பனுக்கே உபதேசம் செய்த பிள்ளை, ஒரு பாட்டி மூச்சு வாங்குவதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டான்.

பழனியில் மகனுக்கு முடி இறக்கினோம். சந்தனம் குளிரக் குளிரத் தடவியதும் அவனுக்கு ஒரே சிரிப்பு. காற்று பலமாக இருந்ததால் ரோப் கார் ஓடவில்லை, தண்டவாளத்தில் கம்பி வடம் இழுக்கும் வின்ச்சில் போனோம். மலைமேல் செல்போனுக்கு அனுமதி இல்லை, கீழேயே ஒப்படைக்க வேண்டும். அங்கேதான் புரிந்தது, நான் சேர்த்துவைத்ததெல்லாம் தப்பான சாமான் என்று. கோவிலுக்குக் கோவில் எதையாவது இறக்கி வைக்கச் சொல்கிறார்கள். செருப்பு, போன், திருச்செந்தூரில் ஆண்களுக்குச் சட்டை, பழனியில் முடியே போயிற்று. எதையெல்லாம் சட்டென்று கழற்றி வைக்க முடியும் என்று யோசித்தல்லவா பை கட்டியிருக்க வேண்டும்?

அத்தையிடம் அது இருந்தது. பழைய மஞ்சப்பை ஒன்று. உள்ளே ஒரு துண்டு, உண்டியலுக்குச் சில்லறை, விபூதி மடிக்கப் பழைய காகிதம், நாள்வாரியாகத் தனித்தனிக் கவரில் பிரஷர் மாத்திரை, எல்லார் போன் நம்பரும் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய ஒரு சின்ன நோட்டு. கூடவே ஒரு கட்டளை: "யார் காணாமப் போனாலும் கொடிமரத்தடி." நாங்கள் சிரித்தோம். தரிசனம் முடிந்து வெளியே வந்தால் மாமாவைக் காணோம். போனும் இல்லை. நாத்தனார் அழவே ஆரம்பித்துவிட்டாள். மாமா கொடிமரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "முக்கால் மணி நேரமா நீங்கதான் காணோம்" என்றார்.

பழமுதிர்சோலையில் குரங்கு ஒன்று என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து முறுக்குப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போயிற்று. சுமை இன்னும் கொஞ்சம் குறைந்தது. திருப்பரங்குன்றத்தில் மலையைக் குடைந்த கருவறை என்பதால் அபிஷேகமெல்லாம் வேலுக்குத்தான். வேல்மேல் பால் வழிவதைப் பார்த்தபடி அதுவரை பேசிக்கொண்டே வந்த மகள் வாயைத் திறக்கவில்லை.

திருச்செந்தூரில் விடியற்காலையில் கடல். உப்பும் மணலும் அப்பிய உடம்போடு நாழிக்கிணறு. அலை அடிக்கிற தூரத்தில், கையகலச் சுனையில் நல்ல தண்ணீர். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது ஆச்சரியம்தான். தரிசனம் முடிந்ததும் ஆளுக்கொரு இலை விபூதி. பன்னிரண்டு நரம்பு கொண்ட பன்னீர் இலை, முருகனின் பன்னிரு கை என்பார்கள். அத்தை நரம்பை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மடித்தார்.

திரும்பும் வழி முழுக்க வேன் ஜன்னல்களில் துண்டுகள் பறந்தன. மறுநாள் விடிகாலை வீட்டில் மூட்டை பிரித்தபோது, எல்லாப் பையிலிருந்தும் மணல். மஞ்சப்பையை உதறினேன், நோட்டு விழுந்தது. போன் நம்பர் பக்கத்துக்கு நடுவே பன்னீர் இலை. என் நம்பரின் கடைசி இரண்டு எண்கள் மேல் விபூதி படிந்திருந்தது. அதை ஊதாமல் அப்படியே மூடி, சாமி அலமாரியில் வைத்தேன்.