மூன்று ராணிகளும் ஒரு பழைய லேபிளும்

அக்டோபர் 5
இரண்டு நாள் மழை விட்டு இன்று நல்ல வெயில். பதினொரு மணிக்கு நடைபாதையெங்கும் உதிர்ந்த இறக்கைகள். ஈசல் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் எறும்பு ராணிகள், குழி தோண்ட இடம் தேடி ஓடிக்கொண்டிருந்தன. மூன்றைப் பிடித்துத் தனித்தனி டெஸ்ட் ட்யூபில் விட்டேன். ஸ்கேலில் 15, 16 மி.மீ. வருகிறது. இடம், நேரம், மழை நின்ற நாள் எல்லாம் ட்யூபிலேயே எழுதியாயிற்று.

அக்டோபர் 6
லென்ஸில் பார்த்தேன். இடுப்பில் இரண்டு கணு. கம்போனோட்டஸ் என்கிற தச்செறும்புக்கு ஒன்றுதான், ஆக அது இல்லை. அகலத் தலை, அதனடியில் தாடி மாதிரி முன்பக்கம் வளைந்த நீள முடிகள். உலர்மண்ணை அள்ளிக்கொண்டு போக உதவும் தாடி அது. விதை சேகரிக்கும் மெசோர் பேரினம், அதில் சந்தேகமில்லை.

எந்த இனம் என்பதில்தான் சிக்கல். இந்த மத்தியதரைக்கடல் பக்கத்தில் இலையுதிர்கால மழைக்குப் பின் பறக்கும் மெசோர் இனங்களில் பார்பரஸும் உண்டு, கேபிடேட்டஸும் உண்டு. ஸ்ட்ரக்டர் குழு என்கிற நெருங்கிய மெசோர் இனங்கள் வசந்தத்தில் பறப்பவை, அவற்றின் ராணியும் சிறியது. உருவத்தைவிட காலண்டர்தான் இங்கே அதிகம் பேசுகிறது.

அக்டோபர் 9
இரண்டாம் ட்யூப் ராணியின் தலை மட்டும் கருஞ்சிவப்பு. விளக்கை நேராகப் பிடித்தால் கருப்பு, சாய்த்தால் சிவப்பு! பார்பரஸ் ராணிகளில் சிவந்த தலையும் உண்டு, முழுக் கருப்பும் உண்டு. எனவே இது பார்பரஸ் பக்கம் சாய்கிறது. மற்ற இரண்டின் கருப்பு எதையும் சொல்லவில்லை. நிறத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

அக்டோபர் 14
மூன்றிலும் முட்டை. இனி ட்யூபை அடைத்திருக்கும் பஞ்சைத் தொடக்கூடாது. முதல் ஈடு வேலைக்காரிகள் வரும்வரை ராணிக்கு உணவே தேவையில்லை. இறக்கைத் தசையையும் கொழுப்பையும் கரைத்தே புழுக்களை வளர்த்துவிடுகிறது.

அக்டோபர் 22
ஏப்ரலில் பிடித்த 11 மி.மீ. ராணியின் கூட்டைப் பார்த்தேன். விதை உமியைக் கூட்டின் ஒரு மூலையில் குவித்திருக்கிறார்கள். லேபிளில் கொட்டை எழுத்தில் ‘மெசோர் ஸ்ட்ரக்டர்’. நான்தான் எழுதினேன், வெட்கமாக இருக்கிறது. 2018இல் வந்த ஓர் ஆய்வு அந்த ஒரே பெயரை ஐந்து இனங்களாகப் பிரித்துவிட்டது: ஸ்ட்ரக்டர், இபெரிகஸ், மெக்ஆர்தரி, முட்டிகஸ், போன்டிகஸ். லென்ஸ் வைத்துப் பிரிக்கிற வேலை இல்லை.

அதோடு போகவில்லை. 2025இல் இன்னொன்று: இபெரிகஸ் ராணி தன் இனத்து ஆண்களையும் ஈனும், ஸ்ட்ரக்டர் ஆண்களையும் ஈனும். வேலைக்காரிகளைப் பெற அதற்கு ஸ்ட்ரக்டர் விந்து வேண்டும், அதனால் அந்த ஆண்களைத் தானே குளோன் செய்து வைத்துக்கொள்கிறது. அப்படியானால் என் கூட்டில் திரியும் வேலைக்காரிகள் கலப்பினமாகவும் இருக்கலாம். இதில் நான் எந்த இனத்தின் பெயரை எழுதுவது?

நவம்பர் 23
சிவப்புத் தலை ராணிக்கு நான்கு வேலைக்காரிகள். இரண்டரை மி.மீ. கூட இருக்காது, வெளிர்பழுப்பு. முதல் ஈட்டில் எல்லாமே குட்டையாகத்தான் வரும். பார்பரஸின் சிவந்த பெருந்தலை பெரிய வேலைக்காரிகளில்தான் தெரியும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அப்புறம், அடையாள அட்டவணைகள் பெரும்பாலும் வேலைக்காரிகளுக்கே எழுதப்பட்டவை. பொறுத்திருக்க வேண்டியதுதான்.

நவம்பர் 30
மூன்றாம் ராணி இறந்துவிட்டது. முட்டைகளும் சுருங்கியிருந்தன. வருத்தம்தான். ஆனால் முதல்முறையாக அசையாமல் இருந்ததால் தலை, பக்கவாட்டு, மேல்புறம் என மூன்று கோணத்திலும் ஸ்கேலோடு படம் எடுக்க முடிந்தது. பிறகு ஆல்கஹாலில் போட்டேன், என்றாவது டிஎன்ஏ பார்க்கலாம்.

டிசம்பர் 3
பழைய லேபிளைக் கிழித்துவிட்டு ‘ஸ்ட்ரக்டர் குழு, ஏப்ரல்’ என்று எழுதினேன். சிவப்புத் தலைக்கு ‘பார்பரஸ்?’. முதல் ட்யூபில் இன்னும் கூட்டுப்புழுதான். அதில் தேதி மட்டும் இருக்கிறது.