பன்னிரண்டு குறைகிறது

கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி. தரக்கட்டுப்பாட்டிலிருந்து என்னை ஏற்றுமதிப் பிரிவுக்கு மாற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு மெயில்: "லாஸ்ட் லாட் வாஸ் ஷார்ட் பை ட்வெல்வ்." எங்கள் டிராயிங்கில் எல்லா அளவும் மில்லிமீட்டர்தான். அப்படியென்றால் நாங்கள் அனுப்பிய ஷாஃப்ட், அதாவது பம்பின் சுழல்தண்டு, 12 மில்லிமீட்டர் நீளம் குறைகிறது! வெர்னியரை எடுத்துக்கொண்டு ஸ்டாக்கில் மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாக அளந்தேன். எல்லாம் கச்சிதம். "டைமென்ஷன் ஓகே" என்று போட்டோவோடு பதிலும் போட்டுவிட்டேன்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "தம்பி, நீளம் குறையலீங்க. பன்னெண்டு பீஸ் குறையுதுன்னு எழுதியிருக்காங்க."

ஷார்ட் தெரியாத வார்த்தையா எனக்கு? டால் என்றால் உயரம், ஷார்ட் என்றால் குட்டை. ஆரம்பப் பள்ளியிலேயே மனப்பாடம்.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம் தமிழ் மீடியம், பிறகு டிப்ளமோ. ஆங்கிலத்துக்காக உழைக்காதவன் இல்லை. போட்டித் தேர்வுக்கான தடிமனான சொல் புத்தகம் ஒன்றை வாங்கி, அபேட், அப்ஹார், அப்ஸ்டீமியஸ் என்று ஏ வரிசையிலிருந்து உருப்போட்டவன். சி-யைத் தாண்டவில்லை. படித்ததில் ஒரு வார்த்தைகூட இன்றுவரை ஒரு மெயிலிலும் வந்ததில்லை. ஷாஃப்ட் வாங்குகிறவன் எதற்கு 'அப்ஸ்டீமியஸ்' என்று எழுதப்போகிறான்?

பெரியம்மா மகள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. வெர்னியர் கதையைச் சொன்னதும் சிரித்து முடித்துவிட்டு அவள் ஒரு பட்டியலைப் பற்றிச் சொன்னாள். ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட். மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953-இல் வெளியிட்டது, சுமார் 2,000 வார்த்தை. ஆங்கிலத்தில் அடிக்கடி வருவதும் கற்பவருக்கு அதிகம் பயன்படுவதுமாகப் பொறுக்கி எடுத்தது. அவர் அதற்கு முன் வங்காளத்தில், டாக்காவில், ஆங்கிலம் கற்பிக்கும் வேலையில் இருந்தவராம். நம்மைப் போன்றவர்கள் எங்கே தடுக்கி விழுவோம் என்று பார்த்திருப்பார். அதே யோசனையில் 2013-இல் புதிய பட்டியல் ஒன்று வந்தது, சுமார் 2,800 வார்த்தை. இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரணமாக எழுதப்படுகிற ஆங்கிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இந்த வார்த்தைகளுக்குள் அடங்கிவிடும் என்கிறார்கள் தொகுத்தவர்கள்.

பிரிண்ட் எடுத்து பென்சிலோடு உட்கார்ந்தேன். தெரிந்ததற்கு டிக், பார்த்த ஞாபகம் என்றால் புள்ளி, தெரியாததற்கு வட்டம். இரண்டு சாயங்காலத்தில் முடிந்தது. பெரும்பாலும் டிக். வட்டம் இருநூறைத் தாண்டவில்லை. "அக்கா, எனக்கு இங்கிலீஷ் தெரியும்போல" என்று போன் போட்டேன்.

"சரிடா, ஈவன்னா என்ன?"

"இரட்டைப்படை."

"மீன்?"

"சராசரி."

"ஸ்டில்?"

"போட்டோ… சினிமா ஸ்டில்."

மறுமுனையில் சத்தமே இல்லை. கணக்கு வாத்தியாரும் சினிமா போஸ்டரும் கற்றுக்கொடுத்த ஆங்கிலம் என்னுடையது. 'ஈவன் ஹீ கேம்' என்றால் 'அவன்கூட வந்துட்டான்' என்று அவள் விளக்கினாள். உடனே எனக்கு இன்னொரு குழப்பம்: 'அவன்கூட வந்தான்' என்றால் 'அவனோடு சேர்ந்து வந்தான்' என்றும் ஆகுமே? நம் 'கூட'வே இரண்டு வேலை பார்க்கிறது. "இங்கிலீஷ்காரன் தமிழ் படிச்சா இங்கதான் விழுவான்" என்றாள் அக்கா. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அன்று ராத்திரி எல்லா டிக்கையும் ரப்பரால் அழித்தேன். வார்த்தையை வைத்து, என் வேலையிலிருந்து ஒரு வாக்கியம் சொல்ல முடிந்தால்தான் டிக் என்று புது விதி. வட்டங்கள் பெருகின. எல்லாம் குட்டி குட்டி வார்த்தைகள். கெட், புட், டேக், ரன், ஈவன், யெட், ரதர்.

'கெட்'டில்தான் அதிக நாள் மாட்டிக்கொண்டேன். அகராதியில் அர்த்தம் பார்த்தால் ஒரு பக்கம் ஓடுகிறது. ஒருநாள் டீக்கடையில் நிற்கும்போது "அண்ணே, ரெண்டு டீ போடுங்க" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. டீ போடு, கோலம் போடு, சண்டை போடு, ஊசி போடு, கணக்குப் போடு, மாலை போடு. 'போடு' என்பதற்கு என்ன அர்த்தம் என்று நாம் யாராவது படித்தோமா? அதனதன் ஜோடியோடுதானே பிடித்துக்கொண்டோம். அன்றிலிருந்து அர்த்தம் எழுதுவதை விட்டுவிட்டேன். பழைய மெயில்களைத் தோண்டி, 'கெட் பேக் டு யூ', 'கெட் இட் டன்', 'கெட்டிங் லேட்' என்று ஜோடியோடு எடுத்து எழுதினேன். 'ஹெல்ட் அப்', 'ரன் அவுட்', 'ஷார்ட் பை' எல்லாம் அப்படித்தான் வந்தன.

அந்த ஜோடிகளை எழுதிவைக்க, தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம்தான் அட்டை. ஸ்வீட் டப்பாவில் ஐந்து தடுப்பு. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் எழுதிய முறை இது: சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த தடுப்புக்குப் போகும், தப்பானால் எந்தத் தடுப்பில் இருந்தாலும் முதல் தடுப்புக்குத் திரும்பும். முதல் தடுப்பு தினமும், தள்ளித் தள்ளி இருப்பவை நாள் விட்டு, வாரம் விட்டு.

நடுவில் புத்தி கெட்டு போனில் அங்கி என்ற அட்டைப் பயிற்சி ஆப்பைப் போட்டு, யாரோ செய்துவைத்த 5,000 அட்டைகளை இறக்கினேன். ஆண்ட்ராய்டில் இலவசம்தானே. நாளைக்கு 40 புது வார்த்தை என்று வைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு காலையில் திறந்தால் திருப்பிப் பார்க்க வேண்டியவை மட்டும் 380. போனைக் கவிழ்த்து வைத்தவன் ஒரு மாதம் தொடவே இல்லை. குற்றம் ஆப்பில் இல்லை, என் பேராசை. இப்போது அதிலும் என் கையால் தட்டிய அட்டைகள்தான், நாளைக்கு எட்டு. பஸ் காந்திபுரம் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும்.

காதுக்கு வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் மெதுவான ஆங்கிலப் பதிவுகள். ஸ்பெஷல் இங்கிலீஷ் என்ற பெயரில் 1959-இல் தொடங்கியது, சுமார் 1,500 வார்த்தைக்குள்ளேயே செய்தி சொன்னார்கள். முதல் வாரம் இழுவையாக இருந்தது, தூக்கமும் வந்தது. ஆனால் அட்டையில் எழுதிய ஜோடி ஒன்று காதில் வந்து விழும்போது, கூட்டத்தில் நம்ம ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

பதினான்கு மாதம் ஆகிறது. மெயிலை கூகுளில் போட்டு மொழிபெயர்ப்பது நின்றுவிட்டது. போனில் பேசும்போது மட்டும் இன்னும் நாக்கு தடுக்குகிறது. வார்த்தை தெரிவது வேறு, சமயத்துக்கு வாயில் வருவது வேறு. ஞாயிற்றுக்கிழமை ஐந்து வாக்கியம் பேசி அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறேன். போன வாரம் பதில் வந்தது: "நாலு சரிடா. ஈவனை மட்டும் மறுபடி தப்பான இடத்துல போட்டிருக்க." அந்தச் சீட்டு நான்காவது தடுப்பு வரை போயிருந்தது. எடுத்து முதல் தடுப்பில் வைத்தேன்.