செம்பியை ஓட விடாத அன்று

"அக்கா, அவ வீட்லயும் இப்படித்தானுங்க கொட்டாவி விடுவா" என்றாள் நாட்டு நாய் செம்பியை வளர்க்கும் அந்தப் பெண். "இருக்கலாம்மா, ஆனா இன்னிக்கு வேண்டாம்" என்றேன். நாய்களைத் தடை தாண்டி ஓட விட்டுக் காட்ட ஒரு பள்ளிக்குப் போயிருந்தோம், நான் பயிற்சியாளர். கூட்டம் உட்கார்ந்துவிட்டது, மைக்கில் பெயர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள், விளக்கிச் சொல்ல நேரமில்லை. அவள் செம்பியின் லீஷைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள்: "இதே லேப்ரடாரா இருந்தா விட்டிருப்பீங்கதானேக்கா?"

இல்லை என்றேன். யோசிக்காமல் சொன்ன இல்லை அது. அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். செம்பி அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டாள். மூக்கை நக்கினாள். கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றை ஒட்டிப் பிள்ளைகள் வந்து நின்றபோது முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை அவர்கள் மேலேயே வைத்திருந்தாள். கண்ணின் வெள்ளை தெரிந்தது. பயிற்சி நடக்கும் இடத்தில் கோழி ஈரல் துண்டு என்றால் விரலையும் சேர்த்து எடுக்கிற நாய், அன்று நான் நீட்டியதை முகர்ந்துவிட்டு விட்டுவிட்டாள். எனக்குப் பெரிதாகப் பட்டது அந்தக் கடைசி விஷயம்தான். தீனியை மறுக்கிற நாய், சொன்னதைக் கேட்கிற நிலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் இந்தத் தொழிலில் எல்லோரும் எடுத்துக்கொள்வோம்.

கொட்டாவி அப்படி இல்லை. கொட்டாவியையும் நாக்கால் மூக்கை நக்குவதையும் நாய் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளும் சைகைகளாக விளக்கிச் சொன்னவர் நார்வேக்காரர் டூரிட் ருகாஸ். நானும் அதைத்தான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். ஆனால் ஓடத் துடிக்கிற நாயும், காத்திருக்க வைத்தால் கொட்டாவி விடும். அந்தப் பெண் சொன்னது பொய்யில்லை. செம்பி வீட்டிலும், என் மைதானத்திலும், தன் முறைக்கு முன்னால் கொட்டாவி விடுகிற நாய்தான். தீனி விஷயமும் பிறகு குழம்பிவிட்டது. எல்லாம் முடிந்து கூண்டுகளை வண்டியில் ஏற்றும்போது, "காலையில கொஞ்சம் தயிர்சாதம் போட்டுட்டேங்க" என்றாள். வயிறு நிறைந்திருந்ததால் மறுத்திருக்கலாம். வயிறு நிறைந்த நாயைத் தாண்ட விடக்கூடாது என்பது தனி விதி, அந்த ஒன்றே போதும் நிறுத்துவதற்கு. ஆனால் அது நிறுத்தும்போது எனக்குத் தெரியாதே. பிறகு கிடைத்த காரணத்தை முன்னால் எடுத்த முடிவுக்கு வைத்துக்கொள்வது சரியாகப் படவில்லை.

அஜிலிட்டி என்கிற இந்தத் தடைதாண்டல் விளையாட்டின் டெமோவில் ஆபத்து தடைகளில் இருப்பதாகத்தான் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். போட்டிகளில் 1.70 மீட்டர் வரை நிற்கிற ஏ-ஃபிரேமை, அதாவது நாய் ஏறி இறங்கும் கூரை வடிவப் பலகையை, நாங்கள் நன்றாகத் தாழ்த்தித்தான் வைப்போம். தாண்டும் கம்பு இடித்தவுடன் விழுகிற மாதிரிதான் தாங்கியில் உட்கார்ந்திருக்கும். நாய் புகுந்து ஓடும் டனல் உருளாமல் மணல் மூட்டை போடுவோம். டைல்ஸ் தரை என்றால் போகவே மாட்டோம். அதெல்லாம் கையில் இருக்கிற வேலை. கையில் இல்லாதது, லீஷ் கழற்றிய அந்த நிமிடம். அந்த நேரத்தில் நாயைப் பிடித்திருப்பது அதன் ஆர்வம் ஒன்றுதான். அதனால்தான் கூட்டத்துக்கும் மைதானத்துக்கும் நடுவில் இரண்டு வரிசைக் கயிறு கட்டி, இடையில் ஆள் புக முடியாத ஒரு சந்து விடுகிறேன். எந்த நேரத்திலும் ஒரு நாய்க்கு மேல் லீஷ் இல்லாமல் இருக்கக்கூடாது. உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் எதிரெதிர்ப் பக்கம். இவ்வளவும் செய்துவிட்டுப் பார்த்தால் பள்ளி பேண்ட் பின்னால் ஒத்திகை பார்க்கிறது, பலூன் வெடிக்கிறது, முதல் வரிசைப் பிள்ளைகள் கையில் முட்டை பஃப்ஸ்.

அன்று லேப்ரடாரும் பேண்ட் சத்தத்துக்குக் குரைத்தது. அதை மைதானத்தின் மறு ஓரத்துக்கு மாற்றி, வரிசையில் கடைசிக்குத் தள்ளி, ஓட விட்டேன். செம்பிக்கும் அதைச் செய்திருக்கலாமே என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது: லேப்ரடார் குரைத்தாலும் உடம்பு தளர்வாக இருந்தது, தீனியை வாங்கிக்கொண்டது, பெயர் சொன்னதும் திரும்பியது. நல்ல பதில்தான். இன்றும் இதையேதான் சொல்வேன்.

ஆனால் அதற்கு முந்தைய வாரம் நடந்த ஒரு பேச்சை இதோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பள்ளி நிர்வாகத்திலிருந்து அழைத்தவர் கேட்டார், "தெருநாய் எதுவும் இல்லைங்களே மேடம்?" அவர் கேட்டதில் தப்பில்லை. டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 22ஆம் தேதி அதைத் திருத்தியது, நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களில் தெருநாய்களே இருக்கக்கூடாது என்றது. வீட்டுக்கு வீடு அதே பேச்சு. "எல்லாமே வீட்டு நாய்ங்க. தடுப்பூசிச் சான்றிதழ் இருக்கு, அனுப்பறேன்" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. செம்பி சாக்கடை ஓரம் பிறந்தவள், ஆனால் கண் திறந்த சில நாளிலிருந்து ஒரு வீட்டில் வளர்ந்தவள். அவளைப் பட்டியலில் சேர்த்ததே நான்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று பெயர் உள்ள நாட்டு நாய்களைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. பெயரில்லாத நாயும் பன்னிரண்டு கம்புகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓடும், கூப்பிட்டால் திரும்பும், வேலையை ரசித்துச் செய்யும் என்று அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தெருவில் நாயைக் கண்டால் கல்லெடுக்கிற கை கொஞ்சம் தயங்குமே.

அந்த ஆசையே எதிர்ப்பக்கம் திரும்பியதா என்பதுதான் என் கேள்வி. லேப்ரடார் ஒரு பிள்ளையின் கையைக் கவ்வியிருந்தால் அது விபத்து. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பெற்றோரிடம் பேசி, அதோடு முடிந்திருக்கும். செம்பி அதையே செய்திருந்தால் மறுநாள் அது "பள்ளியில் மாணவனைக் கடித்த தெருநாய்". அந்தத் தலைப்பு ஊரிலுள்ள எல்லா நாய்களின் தலையிலும் விழுந்திருக்கும். இதை நான் அந்த நிமிடம் நினைத்தேனா? நினைத்ததாக ஞாபகம் இல்லை. நினைக்கவில்லை என்று சத்தியம் செய்யவும் முடியவில்லை.

நினைத்திருந்தாலும் என்ன குற்றம் என்றும் சில சமயம் தோன்றும். விளைவு பெரியது என்றால் எச்சரிக்கையும் பெரிதாக இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்குப்படி போனால் எந்த நாயைக் காட்ட இந்த டெமோவே நடத்துகிறோமோ, அதைத்தான் ஒவ்வொரு முறையும் வெளியே நிறுத்துவோம். அந்தப் பெண் ஒரே வரியில் கேட்டது இதைத்தான்.

இந்த விளையாட்டு பிறந்ததே கூட்டத்துக்காக. 1978ல் லண்டன் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே மக்கள் எழுந்து போகாமல் இருக்க, குதிரைகளின் தடைதாண்டல் போட்டி மாதிரி நாய்களை ஓட விட்டுக் காட்டினார்கள். போட்டி, விதிமுறை எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அதனால் கூட்டத்தின் கைதட்டல் இதன் ரத்தத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். நாய்க்கு இன்று ஆகாது என்று நிறுத்துகிறவள் அந்தக் கைதட்டலுக்கு எதிரே நிற்க வேண்டியிருக்கிறது. இங்கே சட்டமும் இருக்கிறது. காட்சிக்கு விடும் விலங்கை 2001ஆம் ஆண்டு விதிகளின்படி விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். தாள் எல்லாம் சரியாக இருக்கும். லீஷ் கழற்றுவதற்கு முந்தின நிமிடம் அந்த நாயின் கண்ணைப் பார்க்க வேண்டியது ஒரு மனுஷிதான், அவள் மனதில் என்ன ஓடுகிறது என்பதை எந்தத் தாளிலும் எழுத இடமில்லை.

அன்று ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள், நாய்கள் தண்ணீர் குடித்தன, செம்பி வண்டியின் நிழலில் படுத்துத் தூங்கினாள். நடந்திருந்தால் என் முடிவு சரியா தப்பா என்று எனக்குத் தெரிந்திருக்கும். நடக்காமல் தடுத்தவளுக்கு அது தெரியவே போவதில்லை. அந்தத் தூக்கத்தைக்கூட இரண்டு விதமாகப் படிக்கிறேன்: பதற்றம் தீர்ந்து அசந்து தூங்கினாள், அல்லது பதற்றமே இல்லாத நாய், வேலை இல்லாததால் தூங்கினாள்.

இப்போது ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். கடைசி நிமிடச் சோதனையை நான் மட்டும் செய்வதில்லை. ஊர்க்காரர்களிடமோ பள்ளியிடமோ பேசாத, யார் என்ன கேட்டார்கள் என்று தெரியாத இன்னொரு பயிற்சியாளர் தனியாகப் பார்த்து எழுதித் தருவார். அடுத்த டெமோவுக்கு அந்தப் பெண்ணே அழைத்தாள். செம்பி பெயரைக் கொடுப்பதாகவும், முதல் ஆளாக ஓட விடச் சொல்லியும் கேட்டாள். "காத்திருக்கிறதுதானுங்க அவளுக்கு ஆகறதில்ல." நான் யோசித்திருந்ததை விட நல்ல யோசனை அது. முந்தின நாள் சாயங்காலமே மைதானத்தைக் காட்டிவிடலாம் என்றேன். புது ஏற்பாட்டைச் சொல்லி, "அவர் வேண்டாம்னு எழுதினா ஒத்துக்குவியா?" என்று கேட்டேன்.

"நான் ஒத்துக்குவேனுங்க்கா" என்றாள். "அவர் விடலாம்னு எழுதினா நீங்க ஒத்துக்குவீங்களா?"