தென்கடல் நீரில் மஞ்சளாகும் அமிலம்

ராமேசுவரம் அருகே மண்டபம் என்னும் ஊரில், தென்கடல் எனப்படும் மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்து வந்த நீரை வடிகட்டி ஒரு குடுவையிலும், காய்ச்சி வடித்த நீரை மற்றொன்றிலும் நிரப்பி, இரண்டிலும் பாரா நைட்ரோஃபீனாலை ஒரே அளவில் கலந்தேன். கடல்நீர் பளிச்சென்று மஞ்சளாயிற்று. வடித்த நீரோ ஏறக்குறைய நிறமற்றே இருந்தது. நீர் எவ்வளவு ஒளியை உட்கவர்கிறது என்று அளக்கும் ஒளி அளவி 400 நானோமீட்டரில் காட்டிய எண்களைக் கண்டு, கருவிதான் பழுது என்று முதலில் எண்ணினேன்.

பாரா நைட்ரோஃபீனால் ஒரு வலிமை குறைந்த அமிலம். அதன் பிகேஏ மதிப்பு, அதாவது மூலக்கூறுகளில் பாதி புரோட்டானை இழந்திருக்கும் பிஹெச் (அமில-கார அளவு), சுமார் 7.15. புரோட்டானை விடாத மூலக்கூறு, கண்ணுக்குப் புலப்படாத 317 நானோமீட்டரை ஒட்டிய புறஊதா ஒளியையே மிகுதியாக உட்கவர்கிறது. புரோட்டான் நீங்கியதும், ஆக்சிஜனில் எஞ்சும் எதிர்மின்சுமை பென்சீன் வளையத்தின் வழியே எதிர்முனையிலுள்ள நைட்ரோ தொகுதிவரை பரவுவதால், எலக்ட்ரான் மேல்மட்டத்துக்குத் தாவத் தேவையான ஆற்றல் குறைந்து, உட்கவர்தல் 400 நானோமீட்டருக்கு நகர்கிறது.

கடல்நீரின் பிஹெச் 8.1 அளவில் இருப்பதால் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு புரோட்டானை இழந்து அயனியாகிவிடும். தூயது என்று நாம் நம்பும் வடித்த நீரோ, காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை வாங்கி 5.6ஐ நெருங்கிவிடுகிறது, அங்கே 3 விழுக்காடுகூடத் தேறாது. தாங்கல் கரைசலால் பிஹெச்சை நிலைநிறுத்தாமல், ஒற்றை அலைநீளத்தில் எடுத்த அளவைக் கொண்டு செறிவைச் சொல்வதை நான் இப்போது ஏற்பதில்லை. இரு வடிவங்களும் சமமாக உட்கவரும் 348 நானோமீட்டரை ஒட்டிய இடத்தில் மட்டும், பிஹெச் மாறினாலும் எண் அசையாது.

அயனி வடிவின் முழு நிறமாலையையும் பெற வேண்டி, கடல்நீரிலேயே சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தது என் அடுத்த பிழை. மக்னீசியம் ஹைட்ராக்சைடு சுண்ணாம்புத் தண்ணீர்போல் வெளுத்துக் கலங்கி, ஒளியைச் சிதறடித்து, எல்லா அலைநீளங்களிலும் எண்ணை உயர்த்திவிட்டது.

என்னைக் குழப்பிய இதே இயல்பைக் கடலியலாளர்கள் அளவுகோலாகவே கொண்டுள்ளனர். மெட்டா கிரெசால் பர்ப்பிள் என்னும் சாயத்தைக் கடல்நீரில் கலந்து, அமில வடிவுக்குரிய 434, கார வடிவுக்குரிய 578 நானோமீட்டர் அளவுகளின் விகிதத்திலிருந்து பிஹெச்சைக் கணிக்கின்றனர். கடல்நீரில் அதன் பிகேஏ 8ஐ ஒட்டியிருப்பதால் இரு வடிவங்களும் கணிசமாக இருக்கும். நைட்ரோஃபீனாலில் அந்த வசதி இல்லை. சாயமும் வலிமை குறைந்த அமிலமே ஆதலால் நீரின் பிஹெச்சைத் தானும் சற்று அசைக்கும். எனவே இரண்டாம் முறையும் சாயம் சேர்த்து அளந்து, அந்த அசைவைக் கணக்கிட்டுக் கழித்துவிடுகின்றனர்.