காய்த்திருக்கோ?

வெள்ளவத்தைக் கரைக்குப் போய்வந்தவரிடம் எங்கள் ஆய்வுகூடத்தில் முதலில் கேட்பது, "காய்த்திருக்கோ?" என்றுதான். செம்பாசியின் பெண் செடியில் கருக்கட்டலுக்குப் பிறகு சிஸ்டோகார்ப் என்ற குமிழ்கள் கிளை நெடுக முகப்பருவைப் போல எழும்பும். அதைத்தான் காய் என்கிறோம். அது இல்லாத கிராசிலாரியா என்ற செம்பாசிக்கு நிறத்தை நம்பி இனப்பெயர் வைக்க முடியாது. நிழலில் கருஞ்சிவப்பாக இருக்கும் அதே இனம் வெயில்பட்ட கல்லில் பச்சையாகவோ மஞ்சளாகவோ நிற்கும்.

கொழும்பில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. கடல் வற்றினாலும் வெளியே தெரிவது ஒடுங்கிய கல்வரிசைதான். தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் கரையோர ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இறங்கவே இயலாது.

கிடைத்த செடியை உடனே பங்கிடுவோம். ஒரு துண்டு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுக்குள், ஒன்று அழுத்துதாளில், மிச்சம் ஃபோமலினில். ஃபோமலின் டி.என்.ஏ.யைக் கெடுக்கும் என்பதால் சிலிக்காத் துண்டுக்குத்தான் முதலிடம். அழுத்தும்போது மேலே மெல்லிய பருத்தித் துணி போடாவிட்டால் பாசியின் பசை ஒற்றுத்தாளோடு ஒட்டிவிடும்.

அந்தப் பசைதான் டி.என்.ஏ.யைப் பலமடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். மேசையிலும் தொல்லை. அகார் என்ற களிப்பொருளுக்காக மதிக்கப்படும் பாசியில் அந்த அகார் வகைச் சர்க்கரைகளே டி.என்.ஏ.யோடு கூடவந்து நொதியத்தை மறித்துவிடும். வழுவழுத்த குழாயைப் பார்த்துவிட்டு, "அக்கா, நோன்பு திறக்கக் கடற்பாசி காய்ச்சினமாதிரி இருக்கு" என்றான் உதவிக்கு வந்த தம்பி. அந்தச் சர்க்கரைகளைப் பிரிக்க உதவும் சிடாப் கரைசலில் மறுபடி கழுவச் சொன்னேன்.

சுத்தமாக வந்தால் இனங்களைப் பிரித்தறிய உதவும் சிஓஐ மரபணுவில் ஏறத்தாழ 650 எழுத்துகள் கிடைக்கும். தரவுத்தளம் 99 சதவீதப் பொருத்தம் என்று ஒரு பெயரைக் காட்டும். இளையவர்கள் அங்கேயே எழும்பிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அந்தப் பெயர், ஒப்பிட்ட மரபணு வரிசையைத் தளத்தில் பதிவேற்றியவர் எழுதியது. அவர் காய்க்காத செடியைப் பார்த்து எழுதியிருந்தால்? அதனால் பிளேட்டால் மெல்லிய வெட்டெடுத்து நுணுக்குக்காட்டியில் வைப்போம். ஆண் செடி அகப்பட்டால் பெருவாசி. இனப்பெருக்கக் குழிகள் ஆழமா தட்டையா என்பதே சில இனங்களைப் பிரித்துவிடும். காயும் குழியும் ஒன்றும் இல்லாவிட்டால் 'கிராசிலாரியா, இனம் தெரியவில்லை' என்று எழுதி அடுத்த வற்றுக்குக் காத்திருப்போம்.

தெரிந்த இனத்திலும் வழக்குத் தீராது. 1768 இல் குமெலின் என்ற இயற்கையியலாளர் விவரித்த எடுலிஸ் என்ற இனத்தைச் சிலர் ஹைட்ரோபன்ஷியா என்ற வேறு பேரினம் என்கிறார்கள், சிலர் கிராசிலாரியாதான் என்கிறார்கள். அழுத்துதாளில் பழைய பெயரை நாங்கள் அழிப்பதில்லை. பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டுவோம். சில தாள்களில் சீட்டுக்கு இடமே இல்லை.