மைக்ரோவேவை விழுங்க ஒரு 2 மில்லிமீட்டர் தகடு

மின்காந்த அலையை உறிஞ்சும் கூட்டுப்பொருள் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "எந்தப் பொடியைக் கலக்கிறீர்கள்?" என்பதுதான். நானும் ஆய்வை அங்கிருந்துதான் தொடங்கினேன். முடிகிற நேரத்தில் நோட்டைப் புரட்டினால், பொடியைவிடத் தடிமனைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

இலக்கு இதுதான்: 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரையிலான எக்ஸ் பேண்டில், உலோகத்தின்மேல் ஒட்டிய தகட்டின் எதிரொலிப்பு −10 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது மேலே விழும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் திரும்பக் கூடாது.

முதலில் எபாக்சி என்ற பிசினில் கார்பன் நானோகுழாய். மின்சாரம் கடத்தும் பொடி, கூடப் போட்டால் கூட உறிஞ்சும் என்று தோன்றும். நடப்பது வேறு. எடையில் ஒரு சதவீதத்தைத் தொடுவதற்கு முன்பே குழாய்கள் ஒன்றையொன்று தொட்டு வலையாகிவிடலாம். அதற்கு மேலும் கூட்டிக்கொண்டே போனால் தகடு கிட்டத்தட்ட உலோகமாக நடந்துகொள்கிறது, அலை மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. வெற்றிடத்தின் மின்மறுப்பு, அதாவது அலைக்கு அது காட்டும் தடை, 377 ஓம். தகட்டின் முகப்பு அதற்குப் பக்கத்தில் இருந்தால்தான் அலை உள்ளே வரும். வாசலைப் பூட்டிவிட்டு உள்ளே பந்தி விரித்து என்ன பயன்? மின்காந்தக் கவசத்துக்கு அந்தத் தகடு அருமையானது, உறிஞ்சிக்கு ஆகாது.

அப்புறம் கால் அலைநீளக் கணக்கு. உள்ளே போய் உலோகத்தில் பட்டுத் திரும்பும் அலையும், முகப்பிலேயே திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழிக்க, தகட்டின் தடிமன் பொருளுக்குள் இருக்கும் அலைநீளத்தில் கால் பங்காக வேண்டும். 10 கிகாஹெர்ட்ஸில் வெறும் காற்றில் அது 7.5 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டருக்குள் அடக்க, பெர்மிட்டிவிட்டியையும் (மின்புலத்துக்குப் பொருள் காட்டும் எதிர்வினை) பெர்மியபிலிட்டியையும் (காந்தப்புலத்துக்குக் காட்டுவது) பெருக்கினால் ஏறத்தாழ 14 வர வேண்டும். பெர்மிட்டிவிட்டியை மட்டும் ஏற்றினால் மின்மறுப்பு கெடும். காந்தப் பக்கமும் கொஞ்சம் ஏற வேண்டும் என்பதால் கார்போனைல் இரும்புத்தூளை, அதாவது மிக நுண்ணிய தூய இரும்புப் பொடியை, சேர்த்தோம். அதற்குக் கொடுத்த விலை, எடை. தண்ணீரைப் போல எட்டு மடங்கு அடர்த்தி. எபாக்சி இறுகுவதற்குள் அடியில் போய் உட்கார்ந்துவிடும். குறுக்கே வெட்டினால் கீழே அடர்சாம்பல், மேலே வெளிறிய கோடு. பிசின் சற்றுக் கெட்டியான பிறகு ஊற்றியதும்தான் அது சரியானது.

அளவீடுதான் உண்மையான பாடு. அலையை ஏந்திச் செல்லும் உலோகக் குழாயான வேவ்கைடுக்குள் மாதிரியை வைத்துத்தான் அளக்கிறோம். அதன் துளை 22.86 × 10.16 மில்லிமீட்டர். மாதிரி அதில் இறுக்கமாக உட்கார வேண்டும். மின்புலம் 10.16 பக்கமாக ஓடுவதால், மேலும் கீழும் இருக்கும் அகலச் சுவரில் விடும் இடைவெளிதான் பெரிய வில்லன். இரண்டும் சேர்ந்து வெறும் 0.1 மில்லிமீட்டர் இருந்தாலே, பெர்மிட்டிவிட்டி 20 உள்ள பொருள் 17 போலக் காட்டும். அந்த எண்ணை வைத்துத் தடிமன் கணக்குப் போட்டால் எதிரொலிப்பு வளைவில் உறிஞ்சும் பள்ளம் கிட்டத்தட்ட ஒரு கிகாஹெர்ட்ஸ் தள்ளி விழும். பக்கவாட்டு இடைவெளி அவ்வளவு பொல்லாதது அல்ல, அங்கே புலம் சுழியை நெருங்குகிறது. அதனால் அரத்தாளில் தேய்க்கும்போது என் கண் முழுக்க அந்த 10.16-இல்தான். மைக்ரோமீட்டரை வைத்து நான்கு மூலையும் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

அளந்த எண்களை தகட்டின் எதிரொலிப்பைக் கணக்கிடும் டிரான்ஸ்மிஷன் லைன் சமன்பாட்டில் போட்டால் −50 டெசிபல் பள்ளம் அழகாக வந்துவிடும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். −20 என்றாலே 99 சதவீதம் திரும்பி வரவில்லை. அதற்குக் கீழே போட்டி போடுவது வரைபட அழகுக்குத்தான். எனக்கு முக்கியம் −10 கோட்டுக்குக் கீழே வளைவு எவ்வளவு அகலமாக இருக்கிறது என்பது.

இதற்கிடையே, இன்னும் மெல்லியதாக்க முடியாதா என்று வழிகாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்விதான். உறிஞ்சி எவ்வளவு மெல்லியதாக முடியும் என்பதற்கு ஆய்வாளர் ரோசனோவ் 2000-இல் காட்டிய எல்லையைப் போட்டுப் பார்த்தோம். உலோகத்தில் ஒட்டிய தகடு காந்தமில்லாப் பொருளாக இருந்தால், முழு எக்ஸ் பேண்டிலும் −10 பெற 0.7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கட்டாயம் வேண்டும், என்ன பொடியைப் போட்டாலும். 2 முதல் 18 கிகாஹெர்ட்ஸ் வரை கேட்டால் 7.8 மில்லிமீட்டர் ஆகிறது. அதைப் பார்த்த பிறகு பேச்சு மெல்லிய தகட்டிலிருந்து ஒரே சீரான தகட்டுக்கு மாறியது. 2 மில்லிமீட்டரில் 0.1 பிசகினால் பள்ளம் அரை கிகாஹெர்ட்ஸ் நகர்கிறதே!

கடைசியில் நின்றது இரண்டடுக்கு: முகப்பில் பொடி குறைந்த அடுக்கு, உலோகத்தை ஒட்டி பொடி கூடிய அடுக்கு. பெரிய தகடாக வார்த்து, கூம்பு வாய் போன்ற ஹார்ன் ஆன்டெனா முன்னால் வைத்து, அதே அளவு வெற்று உலோகத் தகட்டோடு ஒப்பிட்டோம். கணக்கில் வந்ததைவிடப் பள்ளம் ஆழம் குறைவு, அகலம் ஏறக்குறைய அதேதான். எனக்கு அது போதும். இப்போது 45 பாகைச் சாய்வில் அளக்கிறோம். இரண்டு துருவமுனைப்புக்கும் (அலையின் மின்புலம் அதிரும் திசை) இரண்டு வேறு வளைவுகள் வருகின்றன. முகப்பு அடுக்கின் கலவையை மறுபடியும் மாற்ற வேண்டியிருக்கும்.